வண்டியின் பழைய சத்தம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் எல்லாரும் உடம்பளவில் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் சளி இருமல் இல்லாமல் இருக்கிறீர்களா, வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா என்று அறிய ஆசை. முதலில் நல்ல சேதிகளைச் சொல்லிவிடுகிறேன், அதைத் தெம்பாக வைத்துக்கொண்டு மற்றதைப் படி. உன் அண்ணன் மகள் பல் வைத்தியப் படிப்பை முடித்துவிட்டாள். வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து முதல் வேலையாக என்னை வாயைத் திறக்கச் சொன்னாள், பார்த்துவிட்டு, பாட்டி உங்களுக்கு மிச்சம் இருக்கிற பல்லுக்கு டாக்டர் வேணாம், ஒரு வாட்ச்மேன் போட்டாப் போதும் என்கிறாள், வாய்க்கொழுப்பு. அவள் தம்பி சதுரங்கத்தில் ஜெயித்து, அவன் இடுப்பு உயரத்துக்கு ஒரு கோப்பை கொண்டுவந்தான், வைக்க இடமில்லாமல் இப்போது அதில் குடை நிற்கிறது. உன் சின்னவள் ஓட்டப் பந்தயத்தில் பாதியில் தடுக்கி விழுந்து, எழுந்து ஓடி இரண்டாவதாக வந்தாள். முதலாவதாக வந்தவளைவிட இவளுக்குத்தான் கைதட்டல் அதிகம் என்று தெரிந்தவர்கள் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன், தெரியாதவர்களிடமும் சொன்னேன். உன் பெரியவன் நம் வீட்டு ஷெட்டில் வைத்திருக்கிற வண்டி ட்யூன் பண்ணுகிற கடையைப் பற்றித்தான் உனக்கே தெரியுமே. ரேஸ் வண்டி வைத்திருக்கிற பிள்ளைகள் எங்கெங்கிருந்தோ தேடிக்கொண்டு வருவார்கள், வாசலில் நின்று டாக்டர் இருக்காரா பாட்டி என்று கேட்பார்கள். பல் டாக்டர் இப்போதுதான் வந்தாள், அதற்கு முன்னாலேயே நம் வீட்டில் ஒரு டாக்டர் உண்டு என்று எனக்குத் தலை கொஞ்சம் நிமிர்ந்துதான் இருந்தது.

இனி நான் எழுதப்போவது போனில் சொல்ல முடியாதது, ஏனென்றால் நீ பேசும்போதெல்லாம் உன் பெரியவன் பக்கத்து அறையில்தான் இருக்கிறான். அவன் சிநேகிதன் ஈர்க்குச்சி வண்டியிலிருந்து விழுந்து போய்ச் சேர்ந்துவிட்டான் என்பது வரைக்கும் உனக்குத் தெரியும். ஒன்றாம் வகுப்பிலிருந்து உன் மகனோடு நம் வீட்டில் தின்று வளர்ந்த பிள்ளை, எவ்வளவு போட்டாலும் உடம்பில் ஒட்டாது, அதனால் நான்தான் அந்தப் பெயர் வைத்தேன். தாய் இல்லாத பிள்ளை, கடைத்தெருவில் தையல்கடை வைத்திருக்கிற அப்பா ஒருத்தர்தான். மருந்துக்கடைச் சரக்கை வீடுவீடாகக் கொடுக்கிற வேலை பார்த்து, ஆசைப்பட்டு அந்தச் சிவப்பு வண்டியை வாங்கினான். வாங்கின நாளிலிருந்து, எனக்கும் ட்யூன் பண்ணிக் குடுடா, ஊர்ல இருக்கிறவனுக்கெல்லாம் பண்றே என்று உன் மகனை நச்சரித்துக்கொண்டே இருந்தான். கம்பெனியிலிருந்து வருகிற வண்டி எல்லார் உடம்புக்கும் பொதுவாகத் தைத்த சட்டை மாதிரியாம், அதை ஓட்டுகிற ஆளுக்குத் தகுந்த மாதிரி பிடித்துவிடுவதுதான் ட்யூனிங் என்று உன் மகன் சொல்வான், அந்தப் பேச்சே சின்ன வயதில் அந்தத் தையல்கடையில் உட்கார்ந்து பொறுக்கியதுதான். கடைசியில் ஒருநாள் வண்டியை ஷெட்டுக்குள் ஏற்றினார்கள். பழைய சைலன்சரைக் கழற்றிக் குட்டையாக ஒன்று மாட்டினான், பின்சக்கரத்தை உருளைமேல் வைத்து நாலு பக்கமும் பட்டை போட்டுக் கட்டி, கம்ப்யூட்டர் வயரை வண்டியில் செருகி, நின்ற இடத்திலேயே ஓடவிட்டுக் கணக்குப் பார்த்துப் பார்த்து மாற்றினான். வீடே அதிர்ந்தது, அடுக்களையில் தட்டெல்லாம் பேசிக்கொண்டன. ஈர்க்குச்சி பக்கத்தில் நின்று குழந்தை மாதிரி குதித்தான்.

இதில் ஒன்றை நீ கவனமாகப் படி, எனக்கே உன் மகன் ரெண்டு மூன்று தடவை சொன்ன பிறகுதான் புரிந்தது. சாதாரணமாக ஆக்ஸிலேட்டரை விட்டால் வண்டி தானாகவே பின்னுக்கு இழுத்துக்கொண்டு வேகம் குறையுமாம், பிரேக்கையே தொட வேண்டாமாம். ரேஸ் ஓட்டுகிறவர்களுக்கு அந்த இழுப்பு பிடிக்காது, வளைவில் வண்டி வழுக்கினாற்போல் போகவேண்டும் என்பார்கள். எனக்கும் அதே மாதிரி வெச்சுடு என்று ஈர்க்குச்சி கேட்டான், இவனும் அந்த இழுப்பைக் குறைத்து வைத்தான். இது அவன் எத்தனையோ வண்டிக்குச் செய்ததுதான், தப்பான வேலை இல்லை. ஆனால் பழகிய கை பழகிய இடத்தில்தானே ஆக்ஸிலேட்டரை விடும், அதனால் உன் மகன் ஒரு வழக்கம் வைத்திருந்தான். எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் சரி, ட்யூன் செய்த வண்டியில் முதல் ஓட்டத்துக்கு இவன் பின்னால் ஏறி உட்கார்ந்துகொள்வான். கிடங்குக்குப் பின்னால் இருக்கிற ஆளில்லாத ரோட்டில், இப்ப விடுங்க, பாத்தீங்களா நிக்காது, இப்ப பிரேக் புடிங்க என்று தோளைத் தட்டித் தட்டிப் பழக்கிவிட்டுத்தான் சாவியைக் கையில் கொடுப்பான். அன்றைக்கும் பின்னால் ஏறத்தான் போனானாம். அந்தப் பாவி சிரித்துக்கொண்டே, டேய் எனக்கே டியூஷனா, உனக்கு சைக்கிள் ஓட்டக் கத்துக்குடுத்து முட்டியில ரத்தம் தொடச்சவனே நான்தான்டா, இறங்குடா என்றானாம். இவனும் சிரித்துக்கொண்டு இறங்கிவிட்டான். வேறு யாராக இருந்தாலும் இறங்கியிருக்க மாட்டான். ஈர்க்குச்சி அப்படியே வேலைக்குப் போகிற வழியில் போயிருக்கிறான். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து வளைவில், தினமும் விடுகிற இடத்தில் ஆக்ஸிலேட்டரை விட்டிருப்பான், வண்டி நிற்கவில்லை, சுவரில் மோதிவிட்டது. வேகமாகப் போனான் விழுந்தான் என்று எழுதிப் போலீஸ்காரர்கள் முடித்துவிட்டார்கள். உன் மகன் வளைவைப் போய்ப் பார்த்துவிட்டு வந்த அன்று என் மடியில் தலையை வைத்து இவ்வளவையும் சொன்னான். சொல்லாம விட்டுட்டேன் பாட்டி, சொல்லாம விட்டுட்டேன், அதுதான் திரும்பத் திரும்ப.

உன் அண்ணன் வக்கீல் ஆபீசில் இருக்கிறவன் அல்லவா, கேட்டதும் கதவைச் சாத்தினான். வாயத் தொறந்தே கடையும் போகும் நீயும் போவே, செத்தவன் செத்துட்டான், அந்தப் பெரியவருக்கு இதத் தெரிஞ்சு என்ன ஆகப்போகுது என்று உன் மகனைப் பிடித்து உலுக்கினான். என்னிடமும், நீ கொஞ்சம் பெருமை அடிக்காம இரும்மா என்றான். நான் பெருமை பேச அந்த நாட்களில் என்ன இருந்தது சொல். உன் மகன் போய் ஷெட்டைப் பூட்டிவிட்டான். தேடிக்கொண்டு வருகிறவர்களிடம், டாக்டர் ஊர்ல இல்ல என்று நான் பொய் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்படி இருக்கும்போது ஒருநாள் சாயங்காலம் ஈர்க்குச்சியின் அப்பா, அந்தத் தையற்காரர், சின்ன வேனில் அந்த நொறுங்கின வண்டியை ஏற்றிக்கொண்டு வந்து நம் வாசலில் இறக்கினார். சட்டைப் பையில் சாக்குக்கட்டி, கழுத்தில் டேப் அப்படியே தொங்குகிறது, கழற்றக்கூடத் தோன்றவில்லை. தம்பி, முன்னாடி எல்லாம் போச்சு, அது எனக்கு வேணாம், என்ஜினு நல்லா இருக்குன்னு சொன்னாங்க, நீ மாத்துறதுக்கு முன்னாடி இருந்த மாதிரியே ஒரு தடவ ஆக்கிக் குடு, அவன் வீட்டுக்கு வர்ற அந்தச் சத்தம் எனக்குக் கேட்டாப் போதும் என்றார். உன் மகனுக்கு முகத்தில் உயிர் இல்லை. ஆனால் எந்த வண்டி வந்தாலும் அதன் பழைய கணக்கை எடுத்து வைத்துக்கொள்வது அவன் பழக்கம், பழைய சைலன்சரும் மூலையில் துணி சுற்றிக் கிடந்தது. மாட்டினான், வயரைச் செருகிப் பழையபடி மாற்றினான், வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி ஸ்டார்ட் செய்தான். தையற்காரர் என் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். அப்புறம் அவர் சொல்லச் சொல்ல இவன் ஆக்ஸிலேட்டரைத் திருப்பினான். கொஞ்சம் ஏத்து, இது மேட்டுல ஏறுறது. இப்பக் குறை, பாத்திரக்கடை முனை, அங்க ஒரு பள்ளம் இருக்கும். ஆங், இன்னும் குறை, நம்ம தெரு வந்துட்டான். இப்ப நிறுத்து. இவன் நிறுத்தினான். அவர் கண்ணைத் திறந்து நம் வாசலைப் பார்த்தார் மகளே. அந்தப் பார்வையை நான் எப்படி எழுதுவேன்.

அப்புறம் அவரே பேச ஆரம்பித்தார். அன்னிக்கு அவன் என் கடை வாசல்ல வந்து நின்னு ரெண்டு மூணு தடவ முறுக்கியிருக்கான், புதுச் சத்தம் காட்டணும்னு, எவனோ வெட்டிப்பய நம்ம கடை முன்னாடி சீன் போடுறான்னு நான் மெஷின்லேர்ந்து தலையத் தூக்கவே இல்ல, பக்கத்துக் கடைக்காரன் சொல்லித்தான் அப்புறம் தெரியும் என்றார். அதற்கு மேல் உன் மகனால் தாங்க முடியவில்லை. தரையில் உட்கார்ந்து, பின்னால் ஏறப் போனதும் இறங்கினதும் அந்த இழுப்பைப் பற்றிச் சொல்லாமல் விட்டதும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். நான் தடுக்கவில்லை, என் பேரன் ஒருத்தர் முன்னால் தலை குனிந்ததை அன்றுதான் பார்த்தேன், தடுக்கத் தோன்றவில்லை. தையற்காரர் அடிப்பார் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்து விரலில் சுற்றிச் சுற்றி, சொல்லியிருக்கலாமேப்பா, உனக்கு ஒரு நிமிஷம் ஆயிருக்குமா என்று மட்டும் கேட்டார். வண்டியை இங்கயே போட்டுக்கோ, என் கண்ணுல காட்டாதே என்று எழுந்து போய்விட்டார். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, போலீசுக்கும் போகவில்லை. நான் தடுக்கவில்லை என்று உன் அண்ணன் இன்னும் என்னோடு பேசவில்லை.

இப்போது உன் மகன் காலையில் எழுந்து போய்த் தையல்கடை ஷட்டரைத் தூக்கி விட்டுவிட்டு வருகிறான், அவருக்குத் தோளில் வலி, முன்பெல்லாம் ஈர்க்குச்சிதான் தூக்குவான். அவர் சாவியைப் படியில் வைத்துவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பாராம். வா என்றும் இல்லை, வராதே என்றும் இல்லை. இவனும் வந்து சாப்பிட்டுவிட்டு அறைக்குள் போய்விடுவான். அதனால் உன்னிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். போனில் அவனிடம், உன் மேல தப்பு இல்லடா கண்ணா என்று சொல்லாதே, நீ அதைச் சொன்னால் அவன் போனை வைத்துவிடுவான். இங்கே வந்துவிடு, வேறு வேலை பார்க்கலாம் என்றும் இப்போது கூப்பிடாதே, அந்த ஷட்டரை யார் தூக்குவது. என்ன சாப்பிட்டே, துணி துவைச்சியா என்று கேள், அதற்குப் பதில் சொல்வான். மாப்பிள்ளையையும் அப்படியே பேசச் சொல். நீ ஒரு நடை வந்துபோக லீவு கிடைத்தால் வா, கிடைக்காவிட்டால் அதற்காக அங்கே உட்கார்ந்து அழாதே, உனக்குத் தலைவலி வந்துவிடும். குளிரில் வெறுங்காலோடு நடக்காதே. நீ பிள்ளைகளோடு நூறு வயது நன்றாக இருக்கவேண்டும், என் ஆசீர்வாதம் எப்போதும் உன் தலைமேல் உண்டு.

மறந்துவிடுவேன், கடைசியாக இது. சுவரில் மாட்ட ஒரு படம் வேண்டும் என்று தையற்காரர் ஆள் அனுப்பிக் கேட்டார். அவரிடம் இருப்பதெல்லாம் வண்டிமேல் உட்கார்ந்து ஹெல்மெட்டோடு எடுத்ததுதானாம், ஒன்றிலாவது பிள்ளை முகம் இல்லை. நான் பெட்டி முழுக்கத் தேடி உன் மகன் பிறந்தநாள் படம் ஒன்றை எடுத்தேன், அதிலும் பாதி முகம் உன் மகன் தோளுக்குப் பின்னால். அதைத்தான் பெரிதாக்கி மாட்டியிருக்கிறார், பாதி முகத்தை. நீ கடைசியாக அனுப்பிய படத்தில் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக இருக்கிறாய், யாரோ மாதிரி இருக்கிறது. அதெல்லாம் இல்லாமல் வெளிச்சத்தில் நின்று, முகம் முழுதும் தெரிகிற மாதிரி புதிதாக ஒரு படம் எடுத்துத் தபாலில் அனுப்பு. போனில் வேண்டாம், கையில் பிடித்துப் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா