தண்டவாளச் சுவரில் உன் முகம்

மைதா பசை கொதிக்கும் வாசனை இன்று காலையிலேயே கடைக்குள் வந்துவிட்டது. பக்கத்துச் சந்தில் போஸ்டர் ஒட்டுகிறவர்கள் மயில்துத்தம் போட்டுக் கிண்டிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து, ஏரியைக் காப்பாற்றக் கிளம்பிய காலனிக்காரர்கள் இருவர் உள்ளே வந்து, "சார், முன்னாடி ஒரு ட்ராக் போஸ்டர் பண்ணீங்களே, அதே மாதிரி ஏரிக்கும் ஒண்ணு வேணும்" என்றார்கள். முடியாது என்றேன். ஏன் என்றார்கள். அவர்களிடம் சொல்லாததை உன்னிடம் சொல்கிறேன். பாதிக் கதை உனக்கே தெரியாது.

இன்ஜினீயரிங் முடித்துவிட்டு, நம்மைத் தேர்வு செய்த கம்பெனி எப்போது கூப்பிடும் என்று காத்திருந்த நாட்களில், மேற்குத் தாம்பரத்தில் உன் அண்ணனின் இந்த டிடிபி கடையில்தான் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். கல்யாணப் பத்திரிகை, தலைவர் பிறந்தநாள் ஃப்ளெக்ஸ், கண்ணீர் அஞ்சலி. ரயில்பாதைச் சுவரில் யாரோ இடித்துவைத்த ஓட்டை வழியாக ஊரே தண்டவாளத்தைத் தாண்டிக்கொண்டிருந்தது. நம்மோடு ஒரே ரயில் பெட்டியில் கல்லூரிக்கு வந்தவன் அங்கே அடிபட்டுச் செத்தான். மறுநாளும் அதே ஓட்டையில் அதே கூட்டம்.

'எச்சரிக்கை' என்று சிவப்பில் பெரிதாக ஒரு டிசைன் போட்டேன். நீ சிரித்தாய்.

"மச்சான், இது கரன்ட் பாக்ஸ்ல மாட்டற போர்டு. நம்ம ஊர்ல ஜனங்க நின்னு படிக்கிறது ஒரே ஒரு போஸ்டர்தான்டா."

கண்ணீர் அஞ்சலி. செத்தது யார் என்று தெரியாமல் யாரும் நகரமாட்டார்கள். நெட்டில் ஒரு முகம் எடுக்கிறேன் என்றேன். "வெள்ளைக்காரன் செத்தா இங்க எவன்டா நிப்பான்? என் மூஞ்சியப் போடு."

கறுப்புக் கட்டம், மேலே கண்ணீர் வடிக்கும் இரண்டு கண்கள், நடுவில் நீலச் சட்டையில் நீ. கீழே ஒரே வரி: 'பாலம் ஏற நேரமில்லை என்று தண்டவாளத்தில் இறங்கியவர்.' ஓட்டைக்குப் பக்கத்திலேயே ஒட்டினோம்.

முதலில் நின்றது உன் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அக்கா. படிக்கத் தெரியாது, முகம் தெரியும். "ஐயோ, இந்தப் புள்ளையா! நேத்துகூட வவ்வால் மீனு வாங்கினு போச்சே!" என்று கூடையை இறக்கிவிட்டார். பின்னாலிருந்து நீ, "அக்கா, நான் இங்கதான் கீறேன்" என்றாய். ஈரக் கையால் முதுகில் ஒன்று வைத்தார். "உசுரோட கீறப்பவே போஸ்டர் ஒட்டிகினு சிரிக்கிறியா? பேமானி!" நீ விஷயத்தைச் சொன்னாய். திட்டிக்கொண்டே கூடையைத் தூக்கிக்கொண்டு பாலத்துப் பக்கம் திரும்பினார்.

உன் அம்மா மட்டும் உப்பும் மிளகாயும் சுற்றிப்போட்டுவிட்டு, "இதெல்லாம் விளையாடற விஷயமாடா?" என்று என் பக்கம்தான் பார்த்தார்.

அதற்கு அடுத்த மழைக்காலத்தில் உனக்கு மஞ்சள் காமாலை. ஆஸ்பத்திரியிலிருந்து உன்னை எப்படிக் கொண்டுவந்தோம் என்பதை எழுதப்போவதில்லை. உன் அண்ணன் கடைக்கு வந்து, "நல்ல போட்டோவா ஒண்ணு போட்டு அடிச்சுடுப்பா, நாலு மணிக்கு எடுக்கறோம்" என்றார். உன்னிடம் நல்ல போட்டோ என்று இருந்தது அந்த ஒன்றுதான். ட்ராக் போஸ்டருக்காக முடி முடியாக நான் கம்ப்யூட்டரில் வெட்டி வைத்த நீலச் சட்டைப் படம். ஃபைலைத் திறந்தேன். பெயர் போட்டேன். கீழே இருந்த வரியை அழித்து இடமும் நேரமும் அடித்தேன். அவ்வளவுதான் வேலை.

அதே சுவரில் ஒட்டினேன். யாரும் நிற்கவில்லை.

"அந்த ட்ராக் போஸ்டர்டா. திரும்ப ஒட்டிட்டானுங்க" என்று சொல்லிக்கொண்டே இரண்டு பேர் ஓட்டைக்குள் குனிந்து போனார்கள். தினமும் உன்னோடு ரயிலில் நின்று வந்த ஒருவன் எனக்குக் கை காட்டிவிட்டுப் போனான். உன்னை எடுக்க நேரமாகிக்கொண்டிருந்தது. சுவருக்கு முன்னால் நின்று, வருகிற ஒவ்வொருவரிடமும் "இது நிஜம், இது நிஜம்" என்று சொன்னேன். ஒருவர் சிரித்தார். கடைசியில் மீன் அக்கா வந்தார். "இன்னாபா, உன் ஃபிரெண்டு மறுக்கா செத்துட்டானா?" என்றார். "நாலு மணிக்கு எடுக்கறாங்கக்கா" என்றேன். கூடையை இறக்காமலேயே நின்றார். வெகுநேரம் நின்றார்.

உன் ரயில் சிநேகிதர்களில் சாவுக்கு வந்தது இரண்டு மூன்று பேர். மற்றவர்கள் எல்லோரும் போஸ்டரைப் பார்த்தவர்கள்தான்.

உன் அம்மா இன்றும் என்னோடு பேசுவதில்லை. போஸ்டர் யாரையும் கொல்லாது, காமாலை கொல்லும். இதை யாரிடம் போய்ச் சொல்ல? கம்பெனி கூப்பிடவே இல்லை. உன் நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறேன். வேலையை விடுகிறேன் என்று வாயெடுக்கும்போதெல்லாம் உன் அண்ணன் உன் ஃபைல் இருக்கும் கம்ப்யூட்டரைப் பார்க்கிறார். நான் திரும்பி உட்கார்ந்து எவனோ ஒருவனின் பிறந்தநாள் ஃப்ளெக்ஸுக்கு மாலை வரைகிறேன்.

ஓட்டையை அடைத்தார்கள், மறுபடியும் இடித்துவிட்டார்கள். நேற்றுக்கூட எனக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது. ஓட்டை வரை போய்த் திரும்பினேன். பாலத்துப் படியில் எனக்கு முன்னால் மீன் அக்கா, தலையில் கூடையோடு, ஒரு கையால் முட்டியைப் பிடித்துக்கொண்டு.

"உன் ஃபிரெண்டால என் முட்டியே பூட்ச்சுபா" என்றார் திரும்பாமல்.

ரயில் எங்கள் காலுக்குக் கீழே போயிற்று. நான் அவருக்குப் பின்னால் ஏறிக்கொண்டிருந்தேன்.