சீசருக்கு இரண்டு வளையம்

8 ஜூன் 1943, செவ்வாய்

மழை. மரவள்ளிக் காட்டில் வேலை இல்லை என்று காலை நீட்டி உட்கார்ந்தேன். இவர் பங்களாவிலிருந்து வந்து சொன்ன செய்தியில் காலை மடக்கிக்கொண்டேன்.

ஜப்பான்காரன் மலாயாவுக்குள் வந்ததும் ஓடிப்போன வெள்ளைக்காரத் தோட்டத் துரை விட்டுவிட்டுப் போன நாய் சீசர். கன்றுக்குட்டி உயரம். இவருடைய வண்டி மாடுகளைப் பட்டாளம் ஓட்டிக்கொண்டு போனதிலிருந்து அந்த நாயைப் பார்த்துக்கொள்வதுதான் இவர் வேலை. இன்று அதைக் கயிற்றில் பிடித்து நடக்க, இப்போது பங்களாவில் இருக்கும் ஜப்பான் துரைக்கு ஆசை வந்திருக்கிறது. அது ஒரு பெருச்சாளியைப் பார்த்து ஒரே இழுப்பு. துரை சாக்கடையில்.

துரை கத்தியதைத் தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் அருளம்பலம் கிராணி தமிழில் சொன்னாராம். "மணியம், பெரிய ஒபிசர் ஒராள் ரெண்டு கிழமையில வாறார். அதுக்குள்ள நாய் இழுக்காமல் நடக்கவேணும். இல்லையெண்டால் நாயைச் சுட்டுப்போட்டு உன்னைச் சயாம் லொறியில ஏத்துவினம்."

சயாம் ரயில் வேலைக்கென்று போன மாதம் பக்கத்து ஊர் பீடோங்கிலிருந்து ஏற்றிக்கொண்டு போனவர்களில் ஒருவரைப் பற்றியும் தகவல் இல்லை. பயமாக இருக்கிறது. வேறு என்ன எழுத?

9 ஜூன்

கழுத்துப் பட்டை இறுக்கினால் சீசர் இருமுகிறது. இருமிக்கொண்டே இழுக்கிறது. கழுத்தை விட்டு உடம்பில் வார் கட்டலாம் என்று இவருக்கு யோசனை. சாக்கை மடித்து நான் தைத்துக் கொடுத்தேன். வண்டிக்காரர் இல்லையா, மாட்டைப் பூட்டுவது போலவே தோளைச் சுற்றிக் கட்டி, கயிறு மாட்ட முதுகில் ஒரு வளையம் வைத்தார்.

10 ஜூன்

நேற்று வரை நாய். இன்று வண்டி மாடு! தோளில் வார் உட்கார்ந்ததும் என்ன சுகமோ, நெஞ்சைக் கொடுத்து இழுக்கிறது. எங்கள் லயத்து வீட்டிலிருந்து கோயில் வரை இவரை இழுத்துக்கொண்டு ஓடியது. அடுத்த வீட்டு ராக்காயி அக்கா, "மணியண்ணே, பின்னால ஒரு வண்டியையும் பூட்டிடுங்க. பாசாருக்குப் போயிட்டு வரலாம்லா" என்றாள். சிரித்தேன். சிரித்துவிட்டு உள்ளே போய் அழுதேன்.

"இழுக்கணும்னு மாட்டுக்குக் கட்டுறது இது. இழுக்கக் கூடாதுங்கிறதுக்கும் இதையேவா கட்டுவாங்க?" என்று இவரிடம் கத்தினேன். பாவம், கயிறு உரசிய உள்ளங்கையை ஊதிக்கொண்டிருந்தார்.

12 ஜூன், சனி

வார் தளர்ந்து சுற்றிக்கொண்டது. முதுகிலிருந்த வளையம் நெஞ்சுக்கு வந்துவிட்டது. இவர் கவனிக்கவில்லை. கோழியைப் பார்த்துச் சீசர் பாய்ந்தது — பாய்ந்த வேகத்தில் உடம்பு திரும்பி, இவர் முகத்தையே பார்த்து நின்றது. மறுபடி பாய்ந்தது, மறுபடி திரும்பியது. அது முழித்த முழியைப் பார்க்க வேண்டுமே!

"அவுக்காதீங்க! வளையம் அங்கேயே இருக்கட்டும்!" என்று ஓடினேன்.

மூக்கணாங்கயிறும் முன்னால் பிடித்துத் திருப்புவதுதானே? இத்தனை வருஷம் வண்டி ஓட்டியவருக்குத் தோன்றவில்லை. வாய் கிழியப் பேசுகிற எனக்கும்தான் தோன்றவில்லை.

14 ஜூன்

வளையத்தை நெஞ்சிலேயே வைத்துத் தைத்தாகிவிட்டது. இழுத்தால் இவர் அசையாமல் நிற்கிறார். கயிறு தொய்ந்தால் ஒரு துண்டு கருவாடு. கடற்கரையில், கோத்தா கோலா மூடாவிலிருந்து வந்த கருவாடு. நாங்களே மோந்து பார்த்துவிட்டு எடுத்து வைப்பது. நாய் தின்கிறது. தின்னட்டும்.

16 ஜூன்

நடக்கிறது! இவர் பக்கத்தில், கயிறு தொய்ய. மாரியம்மாவுக்கு விளக்குப் போட்டேன்.

17 ஜூன்

துரை பார்த்துத் தலையாட்டினாராம். இவர் துள்ளிக்கொண்டு வந்தார். "இனிமே யார் புடிச்சாலும் நடக்கும் புள்ள. நாளைக்குத் துரையே புடிச்சுப் பாக்கப் போறாரு."

யார் பிடித்தாலும் நடக்கும் என்றால் இவரை எதற்கு வைத்திருப்பான்? லாரிக்கு இன்னும் ஆள் தேடுகிறார்களே! யானை தன் தலையில் தானே மண் அள்ளிப் போட்டுக்கொள்ளுமாம். என் வீட்டு யானை அதற்குச் சந்தோஷமும் படுகிறது.

முதுகிலும் ஒரு வளையம் தைத்தேன். "துரைகிட்ட குடுக்கறப்ப கயித்த மேல மாட்டிக் குடுங்க. நீங்க புடிக்கறப்ப மட்டும் நெஞ்சுல."

"அடி விழும் புள்ள."

"விழட்டும். அடி ஆறிடும்."

18 ஜூன்

துரையைப் புல்வெளி முழுக்க இழுத்ததாம். தொப்பி ஒரு பக்கம், துரை ஒரு பக்கம். இவருக்குக் கன்னத்தில் ஒரு அறை. பிறகு துரை, நீ நடத்து என்று கயிற்றை எறிந்திருக்கிறார். இவர் குனிந்து நெஞ்சு வளையத்தில் மாட்டிக்கொண்டார். சீசர் பரம சாதுவாக நடந்தது.

"மணியம், நாய் உனக்குத்தான் அடங்குதாம். நீ லொறியில போகவேண்டாம், பங்களாவிலயே நிக்கவேணுமாம்" என்றாராம் கிராணி. வளையத்தைப் பார்த்தாராம். இவர் முகத்தைப் பார்த்தாராம். துரையிடம் காட்டிக்கொடுக்கவில்லை. அவர் நன்றாக இருக்க வேண்டும்.

கன்னத்துக்கு மஞ்சள் பற்றுப் போட்டேன். போடும்போதே சிரிப்பு வந்தது. இவரும் சிரித்து, வலிக்கிறது என்று என்னைத் திட்டினார்.

22 ஜூன்

பெரிய ஆபீசர் வந்து போனார். நாய் நடந்தது. துரை முன்னால், இவரும் சீசரும் பின்னால்.

24 ஜூன்

விடிந்ததும் லாரி வந்தது. ராக்காயி அக்கா வீட்டுக்காரர் பிச்சையண்ணனும் ஏறினார். அக்கா பின்னாலேயே ஓடினாள். நான்தான் பிடித்து நிறுத்தினேன். அவளைக் கட்டிப் பிடித்திருந்தபோதும் என் மனம், 'இவர் ஏறவில்லை, இவர் ஏறவில்லை' என்றே சொல்லிக்கொண்டிருந்தது. பாவம்தான். என்ன செய்ய, அப்படித்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்தால் இவர் அடுப்பு மூட்டுகிறேன் என்று வீடெல்லாம் புகை போட்டு வைத்திருந்தார். திட்டிக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்தேன். அக்காவுக்கும் சேர்த்துக் கிழங்கு வேகவைத்து இவரிடமே கொடுத்தனுப்பப் பார்த்தேன். பிறகு, லாரியில் ஏறாத இவர் முகத்தை அவள் இன்று பார்க்க வேண்டாம் என்று நானே கொண்டுபோனேன்.