அளவு எழுதாத பக்கம்

என் ஆசை மச்சான் காதருக்கு,

பத்துக் கடை தள்ளி இருப்பவனுக்கு எவனாவது கடிதம் எழுதுவானா? இருபது வருஷப் பழக்கத்தில் உனக்கு நான் ஒரு கார்டு கூடப் போட்டதில்லை. இன்றைக்கு எழுதுகிறேன், அதுவும் உன்னுடைய அளவு நோட்டிலேயே. நான் வேலை பார்க்கிற பஸ் ஷெட்டில் மத்தியானச் சாப்பாட்டு நேரம், கண்டக்டர்கள் யாரும் இல்லை. உன் தகரப் பெட்டி என் மேஜைக்கு அடியில் இருக்கிறது. காலை நீட்டினால் இடிக்கிறது.

நீ போய் இருபத்திரண்டு நாள். முதலில் உன்னைத் திட்டிவிடுகிறேன், மற்றதெல்லாம் பிறகு. நெஞ்சு வலிக்கிறது என்று ஒரு சோடாவைக் குடித்துவிட்டுப் படுத்தாயாமே? உனக்கு அறிவு இருக்கிறதா? ஊரான் இடுப்பையெல்லாம் டேப்பால் அளந்து, "ரெண்டு இஞ்ச் ஜாஸ்தி ஆயிடுச்சு முதலாளி, கொஞ்சம் நடங்க"னு புத்தி சொன்னவன் நீ. நாற்பது வயது கூட ஆகவில்லையே, அப்படி என்ன அவசரம்?

சரி, விடு. உனக்குச் சேதி சொல்லத்தான் உட்கார்ந்தேன். கற்பகத்துக்கு ஒன்பதாவது மாசம் பிறந்துவிட்டது. மூன்று நாள் முன்னால் டாக்டரம்மா வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு முகம் மாறிப்போனார். "புள்ள குறுக்கால கிடக்குது. ஏற்கெனவே ரெண்டு போயிருக்கு. இங்க வெச்சுக்க வேணாம், வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய் இப்பவே சேர்த்துடுங்க. ஆபரேஷன் கூட ஆகலாம்"னு சொன்னார். கற்பகம் வெளியே வந்தாள். ரிக்‌ஷாவில் ஏறி, "காதர் அண்ணா இருந்தா இப்ப என்ன சொல்லியிருப்பாரு?" என்று மட்டும் கேட்டாள்.

உனக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் சொல்லிக்கொள்கிறேன். முதல் பிள்ளை வயிற்றில் இருந்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. போனஸ் பணத்தில் தேரடித் தெருவில் மரத்தொட்டில் வாங்கினேன். பச்சையும் சிவப்புமாகக் கிளி பொம்மை தொங்குகிற தொட்டில். ஏழாம் மாசமே கூடத்தில் கட்டித் தொங்கவிட்டு, வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் ஆட்டிக் காட்டினேன். எட்டாம் மாசம் பிள்ளை அசைவில்லாமல் வந்தது. "வயித்துல இருக்கிறதுக்கு வெளியில எவனாவது தொட்டில் கட்டுவானாடா?" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். இரண்டாவது நாலாம் மாசமே கலைந்தது. "இந்தத் தடவை நான் என்னம்மா வாங்கினேன்?" என்று கத்தினேன். "பரண் மேல அந்தத் தொட்டில் இருந்துச்சே!" என்றாள். அன்றைக்கே அதைத் தூக்கிக்கொண்டுபோய் எவனிடமோ கொடுத்துவிட்டு வந்தேன்.

அதனால் இந்தத் தடவை அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். பிள்ளை பிறந்து அழுகிற சத்தம் காதில் விழுகிற வரைக்கும் பிள்ளைக்கென்று ஒரு நூல் கூட வீட்டுக்குள் வரக்கூடாது. பணம் கூடத் தனியாக எடுத்து வைக்கக்கூடாது. நான் மாசச் சம்பளக்காரன். ரப்பர் ஷீட், துணி, மருந்து, ஆஸ்பத்திரிச் செலவு எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் எங்கே போவேன்? உன் கடையில் வந்து புலம்பினேன். நீ மிஷினை நிறுத்தவே இல்லை. "உன் வீட்லதான மச்சான் கூடாது? என் கடையில கூடாதுன்னு உங்கம்மா சொன்னாங்களா?"

லைனிங் துணி வைத்திருந்த தகரப் பெட்டியைக் கவிழ்த்துக் காலி செய்தாய். அளவு நோட்டில் புதுப் பக்கம் திறந்தாய். வாடிக்கையாளர் பெயர்: சின்ன முதலாளி. உயரம், மார்பு, கை எல்லாம் வெறும் கோடு. தேதி: ஆண்டவன் விருப்பம். "யாராச்சும் எடுத்துப் பார்த்தாலும் சந்தேகம் வராது பாரு" என்று உனக்கு ஒரே பெருமை. அதற்குக் கீழே எவ்வளவு ஆகும் என்று நான் சொல்லச் சொல்ல எழுதினாய். எழுதினாயா? பாதியை அடித்தாய்! பால் பாட்டில் என்றால், "தாய்ப்பால் இருக்க இது எதுக்கு, கை அரிக்குதா?" பவுடர் டப்பா என்றால், "பொறந்தவுடனே மாப்பிள்ளை பார்க்கப் போவுதா?" கடைசியில் எண்ணூறு ரூபாய் என்று முடிவு செய்தோம். சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை பதினைந்து ரூபாய் உன் பிஸ்கட் டப்பாவில் போட்டேன். தீபாவளி போனஸும் அப்படியே அதில்தான் போனது.

அம்மாவின் மற்ற சட்டங்களுக்கும் நான் தலையாட்டினேன். பெண்டாட்டி முழுகாமல் இருக்கும்போது புருஷன் முடி வெட்டக்கூடாது, மலை ஏறக்கூடாது, பிணம் தூக்கக்கூடாது. வருஷம் தவறாமல் கார்த்திகை தீபத்துக்கு மலை ஏறுகிறவன் இந்த வருஷம் கீழேயே நின்று கும்பிட்டேன். தாடி மார்பு வரைக்கும் வந்துவிட்டது. "எங்க ஆளாவே ஆயிட்ட மச்சான், தொப்பி ஒண்ணு தைச்சுத் தரட்டுமா?" என்று நீ கேட்டபோது கடையே சிரித்தது. முடியும் மலையும் போகட்டும். மூன்றாவது சட்டம் உனக்காகக் காத்திருக்கிறது என்று அன்றைக்கு எனக்கு எப்படித் தெரியும்?

இப்போது அந்த நாளைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். காலையில் சேதி வந்தது. நான் சட்டையை மாட்டிக்கொண்டு ஓடப்போனேன். அம்மா வாசலில் குறுக்கே நின்றாள். "போ, பாரு, அழு. வேணாங்கல. ஆனா தூக்காத. குழி வரைக்கும் போவாத. என் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணு"னு பிடித்துக்கொண்டாள். பின்னால் கற்பகம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் சத்தியம் செய்துவிட்டேன்.

நம் தெருவில் யார் போனாலும் யாரும் ஜாதி மதம் பார்ப்பதில்லை. ஆளாளுக்குத் தோள் மாற்றுவார்கள். என் அப்பா போனபோது முன்பக்கம் தோள் கொடுத்தவன் நீ, சுடுகாட்டு மேடு வரைக்கும் மாற்றவே விடவில்லை. உன்னைத் தூக்கிக்கொண்டு வந்தபோது நான் பக்கத்திலேயே நடந்தேன். சைக்கிள் கடை தாண்டியதும் எனக்கு முன்னால் இருந்தவர் திரும்பி, "வாங்க, தோள் மாத்துங்க" என்றார். நான் ஒதுங்கிக்கொண்டேன், காதர். பஞ்சர் ஒட்டுகிற தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் முதுகில் இருக்கிறது. நீ தெரு திரும்பும் வரைக்கும் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அன்றிலிருந்து அம்மாவிடம் நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. கடை பூட்டியே கிடக்கிறது. பெட்டியும் பணமும் உள்ளே. சாவி உன் வீட்டுக்காரி ஜமீலாவிடம். அவள் இத்தாவில் இருக்கிறாள், உனக்காக நாலு மாசம் பத்து நாள் வெளி ஆம்பிளை முகம் பார்க்கக்கூடாது. கற்பகத்தை அனுப்பலாமென்றால் சாவு வீட்டுக்குப் பிள்ளைத்தாய்ச்சி போகக்கூடாது. இதெல்லாம் நான் சொல்லிக்கொண்ட சாக்கு. நிஜம் என்னவென்றால், புருஷனைத் தூக்க வராதவன் பெட்டியைத் தூக்க மட்டும் வந்துவிட்டான் என்று அவள் நினைத்துவிட்டால்? அந்தப் பயம்தான்.

டாக்டரம்மா சொன்ன பிறகு வேறு வழியில்லை. சொந்தக்காரர் என்று பார்த்தால் கீழ்பென்னாத்தூரில் என் மாமனார் ஒருத்தர்தான். மழை ஏமாற்றி இந்த வருஷம் அவருக்கு மல்லாட்டைப் பயிரில் விதைக்காசு கூடத் தேறவில்லை. அவரிடம் எந்த முகத்தோடு கேட்பது? "வெக்கத்தைப் பார்த்தா புள்ளையைப் பார்க்க முடியாது. போய் ஜமீலாகிட்ட சாவியைக் கேளுங்க" என்று கற்பகம் சீறினாள். அவள் அப்படிச் சீறி நீ கேட்டதில்லை.

நேற்றுக் காலையில் உன் வீட்டுக்குப் போனேன். கதவுக்குப் பின்னால் திரை தொங்கியது. "நான்தாம்மா, சண்முகம்" என்றேன். "தெரியுது அண்ணா, உக்காருங்க" என்றாள். சாவி திரைக்கு அடியில் ஏற்கெனவே வைத்திருந்தது. நான் கேட்கவே இல்லை, மச்சான்.

எடுத்துக்கொண்டு எழுந்தேன். "அண்ணா, ஒரு விஷயம் சொல்லணும், கோவிச்சுக்காதீங்க" என்றாள். "நீங்க தோள் குடுக்கலன்னு நாலு பேர் பேசினது என் காதுக்கும் வந்துச்சு. அன்னிக்கு விடியகாலையிலயே நான்தான் பால்காரம்மாவை உங்கம்மாகிட்ட அனுப்பிச்சேன். அண்ணனைத் தூக்க விடாதீங்க, சத்தியம் வாங்கியாச்சும் நிறுத்துங்கன்னு சொல்லி அனுப்பிச்சேன்."

நான் மறுபடி உட்கார்ந்தேன். அவளே பேசினாள். "அவரு சோத்துல கை வெச்சா போதும், சின்ன முதலாளிக்கு இது வாங்கணும், அது வாங்கணும்பாரு. அந்தப் புள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா, அவரைத் தூக்கினதாலதான்னு ஆயிடாதா? அவரு கபர்ல நிம்மதியா இருப்பாரா?"

நான் அந்த வாசலில் சின்னப் பையன் மாதிரி அழுதேன். திரைக்குப் பின்னால் அவளும் அழுதாள். புருஷன் உடம்பு வீட்டில் கிடக்கும்போது என் பிள்ளையை நினைக்க அவளுக்கு எங்கிருந்து மனசு வந்தது? அந்தச் சட்டத்தில் நிஜம் இருக்கிறதோ இல்லையோ, எனக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியாதுதான்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "ஏம்மா, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?" என்றேன். அரிசி களைந்துகொண்டிருந்தவள் நிமிரவே இல்லை. "சொன்னா என்ன பண்ணியிருப்ப? அவகிட்டப் போய் நின்னு, விடும்மா நான் தூக்கறேன்னு மல்லுக்கு நின்னிருப்ப. புருஷனைப் பறிகுடுத்தவளை அன்னிக்கு அதுவேற பேச வெக்கணுமா? பழி என்மேலயே கிடக்கட்டும்னு விட்டேன்." அப்புறம் தானாகவே சொன்னாள்: "பெட்டி வீட்டுக்குள்ள வர வேணாம். நேரா ஷெட்டுக்குக் கொண்டு போ. அங்கேர்ந்தே வேலூர் பஸ்ல ஏத்திடு." சட்டத்தை அவள் விடவில்லை, பார்த்தாயா? ஆனால் வழி விட்டுவிட்டாள்.

உன் கடையைத் திறந்து, அளவு நோட்டையும் டேப்பையும் சேர்த்து எடுத்துக்கொண்டு ஷெட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தேன். ரப்பர் ஷீட், விளக்கெண்ணெய், மடித்து வைத்த பழைய துணி எல்லாம் நான் வைத்தபடியே இருந்தன. பிஸ்கட் டப்பாவில் ஐந்நூற்று நாற்பது இருக்க வேண்டும், நானூற்று எண்பதுதான் இருந்தது. உள்ளே உன் கையெழுத்தில் ஒரு சீட்டு: "சின்ன முதலாளியிடம் கைமாத்து 60. கடை வாடகை. ரம்ஜான் தையல் முடிஞ்சதும் வைக்கணும்." கீழே கையெழுத்து வேறு! அடப்பாவி, பிறக்காத பிள்ளையிடமே கடன் வாங்கியிருக்கிறாய். அழுகைக்கு நடுவில் சிரித்துவிட்டேன். சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். ஜமீலாவுக்கு இது தெரிய வேண்டாம்.

அடியில் ஒரு குட்டிச் சட்டை. உன் பழைய வேட்டியில் வெட்டியது. புதுத் துணி முதலில் போடக்கூடாது என்பது உனக்கும் தெரிந்திருக்கிறது. கற்பகத்துக்குக் கூடப்பிறந்தவன் இல்லை, தாய்மாமன் முறைக்கு நான்தான் என்று நீ சொல்லிக்கொண்டே இருந்ததை நான் விளையாட்டென்று நினைத்தேன். ஒரு கைதான் வைத்துத் தைத்திருக்கிறாய். இன்னொரு கை தனியாகக் கிடக்கிறது, ஊசி குத்தியபடி. அதைக் கற்பகம் வேலூரில் உட்கார்ந்து தைப்பாளாம். அவள் தையல் கோணலாகத்தான் வரும். நீ ஒன்றும் சொல்லக்கூடாது.

நாளைக் காலை முதல் பஸ்ஸில் போகிறோம். ஷெட் முதலாளி இருநூறு முன்பணம் கொடுத்தார். போதாவிட்டால் கற்பகத்தின் கம்மல் இருக்கிறது. பணம் எப்படியாவது வந்துவிடும், காதர். பிள்ளை வருமா? குறுக்கே கிடக்கிற பிள்ளை திரும்புமா? இதை உன்னிடம் கேட்காமல் யாரிடம் கேட்பேன்? அவள் முன்னால் தைரியமாக நிற்கிறேன், ஷெட்டுக்கு வந்தால் அந்தத் தைரியம் இல்லை. இந்தப் பக்கத்தில் எழுத்து கோணிக்கொண்டு போவது அதனால்தான்.

ஒன்று மட்டும் சொல்கிறேன், எழுதி வைத்துக்கொள். பிள்ளை பிறந்து வெளியே தூக்குகிற நாள் வந்ததும் உன் கபர்ஸ்தானுக்கு வருவேன். பச்சைப்பிள்ளையை அங்கேயா என்று அம்மா குதிப்பாள். வெளியே ரோட்டிலேயே நிற்கிறேன், உள்ளே வரவில்லை. அன்றைக்கு உனக்குக் கொடுக்காத இந்த வலது தோளில் பிள்ளையைப் போட்டுக்கொண்டு நிற்பேன். உன் டேப்பை வைத்து உயரம், மார்பு, கை எல்லாம் அளந்து, உனக்குக் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொல்லி, எதிர்ப் பக்கத்தில் இருக்கிற வெறும் கோட்டில் எழுதுவேன்.

அப்படி நடக்காமல் போனாலும் வருவேன், மச்சான். வெறும் தோளோடு வருவேன். அன்றைக்கு ஒன்றும் கேட்காதே. பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார விடு.

இப்படிக்கு,
உன் தங்கச்சி கற்பகத்தின் புருஷன்,
உன் ஜமீலாவின் அண்ணன்,
உன் மச்சான் சண்முகம்