தாயைக் காட்டாத நாய்ச்சிற்பி குறித்துச் சுரிமலை மன்னருக்கு விடுத்த ஓலை

நலம் பெருகுக. நெல் பெருகுக. நாய் அளவோடு பெருகுக.

கடலலை வந்து கால் கழுவும் வெட்சிக்கரை நாட்டை ஆள்பவரும், பகைவர் எழுபது பேரைப் புறங்கண்டவரும், எழுபத்தோராமவரைப் பொழுது போய்விட்டபடியால் மன்னித்தவருமாகிய பேரரசி ஆம்பலங்கோதையாரின் திருவாய்மொழிப்படி, அரண்மனை ஓலைநாயகம் எழுதி விடுக்கும் ஓலை. பனி மூடிய ஏழு கொடுமுடிகளுக்கும் அவற்றின் இடைப்பட்ட பள்ளங்களுக்கும் தலைவரான சுரிமலை மன்னர் அடலரியார் இதனைக் கண்டருள்க. மன்னரின் கொடி வாழ்க, குடை வாழ்க, அக்குடை நிழலில் கடை விரித்திருப்போர் இனியேனும் வெட்கத்தோடு வாழ்க.

செய்தி ஒரு நாய்க்குட்டியைப் பற்றியது. இத்தனை பட்டங்களைச் சொல்லிவிட்டு நாயா என்று மன்னர் முகம் சுளிக்கலாம். இங்கும் எல்லோரும் சுளித்தார்கள். ஆயினும் அரசுரிமையே அந்தக் குட்டியின் முதுகில் ஏறி உட்கார்ந்திருந்ததால் எழுதாமல் இருப்பதற்கில்லை.

வெட்சிக்கரையின் வழக்கம் மன்னர் அறியாததன்று. பட்டத்துக்குரிய பிள்ளை தன் நாயைக் கையில் ஏந்திக் கொலுமண்டபத்தை மும்முறை வலம் வரவேண்டும். நடுவே பிள்ளை தும்மிவிட்டால் சகுனம் கெட்டதென்று சபை எழுந்துவிடும். சடங்கு மறு ஆண்டுக்குப் போகும். மூன்று ஆண்டும் தும்மினால் உரிமை அடுத்தவருக்குப் போகும். பதினொரு வயது இளவரசி நன்முத்தியார் முதலாம் ஆண்டு ஒன்பது முறை தும்மினார். இரண்டாம் ஆண்டு எண்ணிக்கொண்டிருந்தவர் களைத்து உட்கார்ந்துவிட்டார். அடுத்த உரிமையாளராகிய சிற்றப்பர் மட்டுமே களைக்காமல், ஒவ்வொரு தும்மலுக்கும் "தீர்க்காயுசு" என்று முகமலர்ந்து வாழ்த்திக்கொண்டிருந்தார்.

நாய்மயிர்தான் காரணம் என்று அரண்மனை மருத்துவர் கண்டுபிடித்து அதற்காகப் பொற்கடகமும் பெற்றார். அன்று முதல் இளவரசி இருக்கும் பக்கம் நாயின் நிழலும் அண்டவிடவில்லை. மயிர் உதிர்க்காத நாய் ஒன்று உலகில் உண்டென்றும், அது சுரிமலையில் அபரஞ்சிதர் என்பார் பண்ணையில் மட்டுமே பிறக்கிறதென்றும் வணிகர் வந்து சொன்னபோது, மூன்று போர்களைப் பேசியே நிறுத்திய பெருந்தூதர் கொற்றங்குடியார் புறப்பட்டார். புறப்படுமுன் இளவரசியிடம், தும்மல் வராத நாயோடுதான் திரும்புவேன், இல்லையேல் தூதுக்கோலைக் கீழே வைத்துவிடுவேன் என்று வாக்குக் கொடுத்தார். முப்பதாண்டாகப் பிடித்த கோல் அது.

அபரஞ்சிதர் தம்மை நாய் வளர்ப்பவர் என்று யாரும் சொல்லப் பொறுக்கமாட்டார். பண்ணை வாசலில் "நாய்ச்சிற்பி" என்று கல்லில் வெட்டி வைத்திருக்கிறார். கடல் கடந்து வந்த பூடில் என்னும் சுருள்மயிர்ச் சாதியை உள்நாட்டுக் கோம்பையோடு இணைத்துப் "பூம்பை" என்றும், சிப்பிப்பாறையோடு இணைத்துப் "பூடிப்பாறை" என்றும் பெயர் சூட்டி விற்கிறார். இரண்டு நாய்கள் தாமாகச் சேர்ந்தால் தெருநாய் என்றும், அபரஞ்சிதர் பக்கத்தில் நின்றால் சிற்பம் என்றும் சுரிமலையில் பெயராம். காத்திருப்போர் வரிசையில் பெருந்தூதரின் பெயர் நூற்றெழுபதாவதாக ஏறியது. நாற்பது நாள் அவர் சத்திரத்தில் கிடந்தார். பிறகு அழைப்பு வந்தது. குட்டியைக் காட்டுவதற்கன்று, குட்டிக்கு ஏற்றவர்தாமா என்று அவரைச் சோதிப்பதற்கு.

ஒருவர் பேசியதை மெருகேற்றாமல் அவர் வாய்மொழியிலேயே எழுதுவது எங்கள் ஓலைச்சாலையின் விதி. முன்பொருமுறை மெருகேற்றியதால்தான் அந்த மூன்று போர்களில் ஒன்று மூண்டது. ஆகவே நடந்த பேச்சு நடந்தபடியே பின்வருமாறு.

"பகல்ல வீட்டுல ஆள் இருப்பாங்களா?" என்று கேட்டார் அபரஞ்சிதர், எழுத்தாணியை ஓங்கிப் பிடித்துக்கொண்டு.

"நானூறு காவலர் இருக்காங்க."

"அவங்கல்லாம் வேலைக்குப் போயிட்டா?"

"அங்க நிக்கிறதுதான் ஐயா அவங்க வேலை."

அபரஞ்சிதர் எதையோ எழுதிவிட்டுத் தலையை ஆட்டினார். நல்ல ஆட்டல் அல்ல என்பது பெருந்தூதருக்குப் புரிந்தது.

"சுத்துச்சுவர் உண்டா?"

"கோட்டை மதில். பன்னிரண்டு ஆள் உயரம்."

"பாத்துக்குங்க. இந்தச் சாதி தாண்டும்."

பகை மன்னர்களின் முன் கால்மேல் கால் போட்டு அமர்ந்தவர், அன்று அந்த நாய் வியாபாரியின் முன் முழங்காலைச் சேர்த்து உட்கார்ந்திருந்தாராம். இளவரசியின் முகம் கண்ணில் நின்றிருக்கிறது. இல்லாவிட்டால் அந்த எழுத்தாணியை வாங்கி இரண்டாக ஒடித்திருப்பார்.

முடிவில் குட்டி வந்தது. உள்ளங்கையில் அடங்கும் உடம்பு, உடம்பெல்லாம் சுருள். பெருந்தூதரின் கண்ணுக்கு அது செம்மண் நிறம். அபரஞ்சிதர் அது "அந்திநேரச் சர்க்கரைப்பொங்கல்" நிறமென்றும், ஏழு தலைமுறைக்கு ஒருமுறைதான் விழுமென்றும் சொன்னார். இடது காதில் ஒரு துண்டு காணவில்லையே என்று கேட்டதற்கு, உயர்குடிப் பிறப்பின் முத்திரை அது என்றார்.

குட்டி வாங்குகிறவன் தாயைப் பார்த்துத்தான் வாங்கவேண்டும் என்பது எங்கள் கோட்டை வாயிலில் கயிறு விற்பவனுக்கும் தெரியும். பெருந்தூதருக்கும் தெரிந்திருந்தது. கேட்டார்.

"இதோட தாயைக் கொஞ்சம் பாக்கணுமே."

"தாய் தீர்த்த யாத்திரை போயிருக்கு."

"நாயா?"

"ரொம்பப் பக்தியான சாதி, ஐயா."

இங்கேதான் கொற்றங்குடியார் சறுக்கினார். வெட்சிக்கரைத் தூதர்களுக்கு இளமையிலேயே ஊட்டப்படும் நெறி ஒன்றுண்டு: எதிரே இருப்பவர் தம் தாயைப் பற்றி ஒரு விடை சொல்லிவிட்டால் அதன்மேல் மறுகேள்வி கேட்பது பண்பன்று. அரசர்களுக்காக வகுத்த அந்நெறியைப் பெருந்தூதர் பழக்கதோஷத்தால் ஒரு குட்டிநாய்க்கும் கடைப்பிடித்தார். கண்ணை மூடிக் கைகூப்பி, யாத்திரை இனிதே முடிக என்று வாழ்த்தவும் செய்தார்.

விலை, பெருந்தூதர் ஏறிச்சென்ற யானை, எங்கள் கொட்டிலின் முதற்கொம்பன் மலைமுரசு. இத்தனை கேள்வி கேட்ட அபரஞ்சிதர் அந்த யானையைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. வாங்கிக் கட்டிக்கொண்டார். பிறகு ஒப்பந்த ஓலையை நீட்டினார். பத்து நாள் குட்டியின்மேல் நீர் படக்கூடாது. பெட்டியை விட்டு எடுத்துக் கொஞ்சக்கூடாது. ஆண்டுதோறும் நாய்ச்சிற்பி நேரில் வந்து குட்டி வாழும் இல்லத்தைச் சோதிப்பார், இல்லம் தகாததெனில் குட்டியைத் திருப்பி எடுத்துப் போவார். பேரரசியின் அரண்மனையைத் தகுதி பார்க்கும் உரிமை அவ்வாறு ஒரு நாய் விற்பவருக்கு எழுதிக்கொடுக்கப்பட்டது.

பத்தாம் நாள் பெட்டி ஊர் வந்து சேர்ந்தது. அன்றே மூன்றாம் ஆண்டுச் சடங்கு. விதிப்படி குட்டியை அரப்பிட்டு நீராட்டினார்கள். முதற்குடம் ஊற்றியதும் நீர் வெள்ளையாக ஓடியது. இரண்டாம் குடத்துக்குச் சுருள்கள் ஒவ்வொன்றாக அவிழ்ந்தன. மூன்றாம் குடம் ஊற்றியபின் தொட்டியில் நின்றது, நனைந்த எலிபோல் நேர்மயிர் ஒட்டிய ஒரு சாதாரணக் குட்டி. மயிரை நாணல் குச்சியில் சுற்றிச் சோற்றுக்கஞ்சி தடவிக் காயவைத்திருக்கிறார் உங்கள் சிற்பி. கஞ்சியில் உப்புப் போட்டிருந்தது என்று நீராட்டியவர் சாட்சி சொன்னார். எப்படித் தெரியும் என்று யாரும் கேட்கவில்லை.

கஞ்சி முழுதும் போகக் குடம் குடமாக ஊற்றியதில் நல்லநேரம் கரைந்துகொண்டிருந்தது. நீராட்டியபின் நாய்க்கு அகிற்பொடியும் புனுகுப்பொடியும் தூவித் துவட்டுவது வழக்கம். அதற்கும் பொழுதில்லை. கொற்றங்குடியார் சொட்டச் சொட்ட நின்ற குட்டியோடு இளவரசியின் முன் வந்து நின்றார். முப்பதாண்டுக் கோல் அக்குளில் இருந்தது. கீழே வைக்க இடம் தேடிக்கொண்டிருந்தார்.

"ஏமாந்துட்டேன் தாயி. இது மயிர் கொட்டும். வேண்டாம், சடங்கை நிறுத்திடலாம்."

"நிறுத்தினாலும் உரிமை போகும், தும்மினாலும் போகும்," என்றார் இளவரசி. "தும்மினா தும்மிட்டுப் போறேன். குடுங்க மாமா, அது நடுங்குது."

வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தார். முதற்சுற்று. சிற்றப்பர் "தீர்க்கா" வரை வாயைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். இரண்டாம் சுற்றில் குட்டி ஒரு குரல் கொடுத்தது. அவ்வளவுதான். மடைப்பள்ளிப் பக்கமிருந்து செவலை என்னும் எச்சில்சோற்று நாய், ஈட்டி பிடித்த காவலர் எண்மரின் கால்களுக்கு ஊடே புகுந்து மண்டபத்துக்குள் பாய்ந்தது. அதன் பின்னே கரண்டியோடு மடைப்பள்ளித் தலைவி காத்தாயி பாய்ந்தாள்.

"அடிக்காதீங்கடா! அது புள்ளையத் தேடி வந்திருக்கு!" என்று காவலரை விலக்கியவள், குட்டியைக் கண்டதும் நின்றுவிட்டாள். "அட, நம்ம செவலையோட குட்டி! இந்தக் காதைப் பாருங்க, எலி கடிச்சு நாந்தான் மஞ்சப் பத்துப் போட்டேன். மலைநாட்டுச் சல்லடைக்காரன் ரெண்டு பேரு வந்துட்டுப் போன அன்னிக்கு அஞ்சு குட்டியும் காணாமப்போச்சு. இத வாங்கவா யானைய ஓட்டிக்கிட்டுப் போனீங்க? என்னைக் கேட்டிருந்தா சும்மா குடுத்திருப்பேனே!"

உயர்குடி முத்திரையின் வரலாறு அவ்வளவே.

மூன்றாம் சுற்றை இளவரசி நிறுத்தவில்லை. செவலை பின்னாலேயே நடந்தது. சுற்று முடிந்தது. தும்மல் வரவில்லை. சிற்றப்பர் மெல்ல வாயை மூடிக்கொண்டார். இரண்டாண்டாக இளவரசியைத் தும்மவைத்தது நாயன்று, நாய்மேல் தூவிய பொடி என்பது சபைக்கு அப்போதுதான் உறைத்தது. பொற்கடகத்தைக் கழற்றித் தருமாறு மருத்துவருக்குத் தனி ஓலை போயிருக்கிறது. கொற்றங்குடியாரின் வாக்கும் எழுத்துப் பிசகாமல் நிறைவேறியது: தும்மல் வராத நாயோடுதான் திரும்பியிருக்கிறார். கோல் அவர் கையிலேயே இருக்கிறது. ஆயினும் காத்தாயி எதிரே வந்தால் அவர் வேறு வழியாகப் போகிறார்.

ஆகவே சுரிமலை மன்னருக்குப் பேரரசியார் அறிவிப்பது: செவலையின் எஞ்சிய நான்கு குட்டிகளையும், அவை இப்போது பூம்பையோ பூடிப்பாறையோ எப்பெயர் தாங்கி எவர் மடியில் இருந்தாலும், கஞ்சி கழுவி அனுப்பிவைக்க வேண்டும். மலைமுரசைத் திருப்பவேண்டாம். அதற்கு மாசி பிறந்தால் மதம் பிடிக்கும் என்பதை அபரஞ்சிதர் கேட்கவில்லை, ஆதலால் சொல்லப்படவில்லை. இன்று தை இருபத்தெட்டு.

நாய்ச்சிற்பியைச் சிறையிடவும் வேண்டாம். வெட்சிக்கரை அவர்மீது வழக்கொன்றும் தொடுக்காது. ஒப்பந்தம் ஒப்பந்தமே. ஆண்டுதோறும் வந்து குட்டியின் இல்லத்தைச் சோதிப்பதாகத் தம் கையால் எழுதியிருக்கிறார். அவர் தவறாது வரவேண்டுமென்பதே பேரரசியின் கட்டளை. கோட்டைக் கதவு திறந்திருக்கும். காவலர் ஒருவரும் தடுக்கமாட்டார். அவர் காட்டமுடியாமற்போன தாயை நாங்களே காட்டுவோம். யாத்திரை முடிந்துவிட்டது, மடைப்பள்ளி வாசலில், சங்கிலியின்றி, காத்திருக்கிறது.

இது பேரரசியின் மீன்முத்திரை வைத்தது. முத்திரையின் ஓரத்தில் பதிந்திருக்கும் சிறு கால்தடம் பிழையன்று. அதுவும் ஒப்பமாகக் கொள்ளப்படுக.