அணுகுண்டு கேடே என்று பேசிய குற்றம்

அனுப்புநர்:
கி. மொக்கம்மாள்,
தமிழாசிரியை (பணியிடை நீக்கத்தில்),
வடக்குத் தெரு, கூடலூர்,
தேனி மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
தேனி.

பொருள்: பட்டிமன்றத்தில் எனக்கு ஒதுக்கிய அணியில் பேசியதற்காகப் பணியிடை நீக்கம் – உத்தரவை ரத்து செய்யக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இவ்வூர் உதவிபெறும் பள்ளி ஒன்றில் பதினாறு ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். நம் நாடு ராஜஸ்தானில் அணுகுண்டு வெடித்துப் பார்த்ததைக் கொண்டாட, கடந்த 24.05.1998 ஞாயிறு மாலை எங்கள் பள்ளி நிர்வாகம் சந்தைத் திடலில் பட்டிமன்றம் நடத்தியது. தலைப்பு: ‘அணுகுண்டு நாட்டிற்குக் காவலா? கேடா?’

2. ‘காவலே’ அணிக்கு ஐந்து பேர் முந்திக்கொண்டார்கள். ‘கேடே’ அணிக்கு ஆளில்லை. “எந்தப் பக்கம்னாலும் டீச்சர் பேசிருவாக” என்று பள்ளிச் செயலாளர் திரு. சுயம்புலிங்கம் அவர்களே என் பெயரை எழுதினார். சென்ற ஆண்டு ‘மருமகளைவிட மாமியாரே நல்லவர்’ என்ற அணியில் பேசினேன். என் மாமியாருக்கும் எனக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. அதற்கு எவரும் விளக்கம் கேட்கவில்லை.

3. நூலகத்தில் எடுத்த புத்தகத்தில் ஹிரோஷிமா பள்ளிப் பிள்ளை ஒருவனின் டிபன் பாக்ஸ் படம் இருந்தது. உள்ளே சோறு கரியாகக் கிடந்தது. அதை உயர்த்திக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தேன். அப்போது மேடைக்குப் பின்னால் தீபாவளி அணுகுண்டு வெடி ஒன்றைக் கொளுத்திப் போட்டார்கள். திடல் முழுக்கச் சிரிப்பு, விசில். முன்வரிசையில் லட்டு தின்றுகொண்டே கைதட்டினார்கள். அவர்களில் என் பள்ளி ஆசிரியர்களும் உண்டு. படத்தை இறக்காமலே பேசி முடித்தேன்.

4. நடுவர் ‘காவலே’ என்று தீர்ப்பளித்தார். அதில் எனக்குக் குறையில்லை. மே 28 அன்று பாகிஸ்தானும் வெடித்த பிறகு ஊரின் பேச்சு மாறிவிட்டது. நான் எதிரிக்கு ஆள் என்றார்கள். 01.06.1998 அன்று பள்ளி திறந்ததும் என் கையில் பணியிடை நீக்க உத்தரவையும் குறிப்பாணையையும் கொடுத்தார்கள். குறிப்பாணையில் நான்கு இடங்களில் ‘அனுகுண்டு’ என்று இருக்கிறது. அப்படி ஒரு குண்டைப் பற்றி நான் எங்கும் பேசியதில்லை.

5. சத்துணவுப் பணியாளர் திருமதி பவுனு மட்டும் அன்று என்னோடு பள்ளி வாசல்வரை வந்தார். “அந்தச் சோத்துப் படத்தக் காட்டாம இருந்திருக்கலாம் டீச்சர். பெரியவுக அதுலதான் ரொம்பக் கோவப்பட்டாக” என்றார். நாள்தோறும் இருநூறு பிள்ளைகளுக்குச் சோறு போடுகிறவர். அவர் கண் கலங்கியிருந்தது.

6. ‘அணி ஒதுக்கப்பட்டதால் பேசினேன், அது என் கருத்தல்ல’ என்று எழுதிக் கொடுத்து, அதைக் காலை வழிபாட்டில் மாணவர் முன் படித்தால் வேலை திரும்பக் கிடைக்கும் என்கிறார்கள். 10.06.1998 வரை கெடு. எழுதிக் கொடுத்துவிடச் சொல்கிறார் என் கணவர். எங்களுக்கு இந்தச் சம்பளம்தான் சோறு.

7. மே 24 அன்று மேடை ஏறும்வரை அந்த வாசகம் உண்மைதான். எனக்குக் கருத்தென்று ஒன்றும் இருக்கவில்லை. தலைப்பு கொடுத்தால் பேசுவேன், அவ்வளவே. அந்தச் சிரிப்பைக் கேட்டபின் நிலைமை வேறு. இன்று அதை எழுதினால் பிள்ளைகள் முன் பொய் சொன்னவள் ஆவேன்.

ஆகவே, உத்தரவை ரத்து செய்து என்னை வகுப்பறைக்குத் திரும்ப அனுப்ப ஆவன செய்யுமாறு வேண்டுகிறேன். நேரில் விசாரித்தால் ஒதுக்கிய அணி என்ற சாக்கைச் சொல்ல மாட்டேன். அணுகுண்டு கேடே என்பது என் சொந்தக் கருத்து என்பதையும் இம்மனுவிலேயே பதிவு செய்கிறேன்.

இடம்: கூடலூர்
நாள்: 08.06.1998

தங்கள் விசாரணைக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்) கி. மொக்கம்மாள்