கூப்பிட்டாலும் திரும்பாதே

மார்ச் 9, ஞாயிறு

இன்றைக்கு வெள்ளை அட்டையைச் சுட்டுவிட்டேன், அதுவும் இரண்டு தரம். பழுப்பு அட்டைதான் சுட வேண்டியது. வெள்ளை அட்டை சுடக்கூடாத ஆள். காலையிலேயே பத்மாவதி இதைச் சொல்லித்தான் என்னைப் பிஸ்டலோடு உள்ளே விட்டாள்.

"அந்த அப்பாவி உங்களுக்கு என்னக்கா பண்ணினான்?" என்று கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். கோயம்புத்தூர்க்காரி. விமான நிலையச் சரக்குக் கொட்டகையில் எனக்குப் பக்கத்து மேசை. இந்தத் துப்பாக்கி சுடும் கிளப்புக்கு என்னை இழுத்துக்கொண்டு வந்த புண்ணியவதியும் அவள்தான். எனக்கும் அவளுக்கும் ஒரே வயது, அதற்கொரு அக்கா வேறு!

இன்னும் இருக்கிறது. ஒரு அட்டையைக் காணாமலே தாண்டி ஓடினேன். குண்டு நிரப்பாத மகசினை இடுப்பில் செருகிக்கொண்டு போய் நின்றேன். பயிற்சி நாள் என்றபடியால் தப்பினேன்.

இவ்வளவு பிழையும் விட்டுவிட்டு பாபடோயிட்டோயில் வீடு வரும்வரை சிரித்தபடியே கார் ஓட்டினேன். எனக்கென்ன விசரோ?

மார்ச் 12, புதன்

என் கணவர் வின்சென்ற் இன்னும் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. வாய் திறந்தால் இதுதான்:

"துவக்குச் சத்தத்துக்குப் பயந்து மன்னாரிலையிருந்து ஓடி வந்தனாங்கள். இப்ப காசு குடுத்துச் சுடப் போறியோ? அதுவும் தவக்காலத்திலை. சனம் இறைச்சியை விடும், நீ துவக்கைத் தூக்கிறாய்."

 பதிலை இங்கே எழுதிப் பார்க்கிறேன். அங்கே வெடிக்க முதல் எங்களை யாரும் கேட்டதில்லை. இங்கே பின்னால் ஒருவர் நின்று "ஆர் யூ ரெடி?" என்று கேட்கிறார். இல்லை என்று சொன்னால் எல்லோரும் பேசாமல் காத்து நிற்கிறார்கள். எனக்கு அது எவ்வளவு பெரிய விசயம்! 

இதை அவருக்கு எப்படிச் சொல்ல?

மார்ச் 23, ஞாயிறு

முதல் போட்டி. பாதியிலேயே வெளியே அனுப்பிவிட்டார்கள்.

பொறு. ஒழுங்காக எழுதுவோம்.

இரண்டாவது சுற்று. சுவர் மறைப்பைச் சுற்றி ஓடுகிறேன், விரலை விசையிலிருந்து எடுக்க மறந்துவிட்டேன். நேரம் எடுக்கும் கருவியோடு பின்னால் வந்துகொண்டிருந்த நடுவர் கிரேம், "ஃபிங்கர்!" என்றார். விரலை எடுத்துவிட்டு ஓடியிருந்தால் ஒன்றுமில்லை. இந்த மகாராணி என்ன செய்தாள்? நின்று, திரும்பி, அவருடைய முகத்தைப் பார்த்து "சொறி, கிரேம்" என்று சொல்லப் போனாள்!

துவக்கும் என்னோடு சேர்ந்து திரும்பியது. துவக்கின் வாய் எந்நேரமும் முன்னாலுள்ள மண் அணையைத்தான் பார்க்க வேண்டும். "ஸ்டொப்!" அவ்வளவுதான். கதை முடிந்தது.

கிரேமுக்கு என் மாமனாரின் வயது. பெரியவர் பின்னாலிருந்து கதைத்தால் முதுகைக் காட்டிக்கொண்டா பதில் சொல்வது? அப்படி நின்றிருந்தால் எங்கள் வீட்டில் அடி விழுந்திருக்கும். இதை விளங்கப்படுத்தினேன். மனிதன் கோபிக்கவேயில்லை. "பண்பான பிழைதான், ஆனால் ஆபத்தான பிழை" என்றார். அடுத்த போட்டியிலும் இப்படி வெளியே போனால் என்னை வைத்திருப்பதா என்று கமிற்றி யோசிக்குமாம்.

வெளியே அனுப்பப்பட்டவர்கள் வீட்டுக்கு ஓடுவதில்லை, நின்று வேலை செய்வதுதான் இங்கே வழக்கம். மற்றவர்கள் சுட்ட ஓட்டைகளுக்குப் பின்னேரம்வரை பழுப்பு ஒட்டுத்தாள் ஒட்டினேன். "நானும் முதல் வருஷம் வெளிய போனவதான். ஏன் இப்படி மூஞ்சிய தூக்கி வெச்சிருக்கீங்க?" என்று சொல்லி பத்மாவதி பாதி சான்ட்விச் தந்தாள்.

வெட்கமாய்க் கிடக்கு. ஆனாலும் விடமாட்டன்.

மார்ச் 24, திங்கள்

நான் வெளியே போன கதையைப் பத்மாவதி வேலையிடம் முழுவதும் பரப்பிவிட்டாள். நல்ல சிநேகிதி!

ஏப்ரல் 2, புதன்

கிளப் துவக்கை வீட்டுக்குக் கொண்டுவர முடியாது. அதனால் வீட்டில் பழகக் கையில் ரோச் லைற். நடந்தபடியே வெளிச்சத்தை முன் சுவரில் வைத்திருக்க வேண்டும். மகள் சுதர்ஷிகா பின்னால் நின்று கூப்பிடுவாள்.

"மம்! த ரைஸ் இஸ் பேர்னிங்!"

திரும்பிவிட்டேன்.

"மம், யூ டர்ன்ட். அகெய்ன்."

அவளுக்குப் பகிடி. சோறு அடிப்பிடிக்கிறது என்றால் எந்தப் பொம்பிளைதான் திரும்பாமல் நிற்பாள்?

ஏப்ரல் 9, புதன்

ரோச்சோடு நின்றுகொண்டிருந்தேன். வின்சென்ற் வேலையால் வந்து, பின்னாலிருந்து "விக்ரோறியா" என்று கூப்பிட்டார். மனிதன் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எவ்வளவு நாள்! அந்தச் சந்தோசத்தில் முழு உடம்போடும் திரும்பினேன். வெளிச்சம் போய் அவருடைய சேட்டில் விழுந்தது. நெஞ்சுக்கு நடுவில்.

அவர் குனிந்து பார்த்தார். நானும் பார்த்தேன். ரோச்சை அணைக்கக் கை வரவில்லை. ஐயோ, என்ன செய்துபோட்டன்! இது வெறும் ரோச், துவக்கெண்டால்?

"நான் செத்தாச்சு," என்றார். "இனித் தேத்தண்ணி நீதான் போடவேணும்."

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. தேத்தண்ணி போட்டேன். அதைக் குடித்தபடி, ஏன் வெளியே அனுப்பினார்கள் என்று முதன்முதலாகக் கேட்டார். சொன்னேன். "ஆர் யூ ரெடி" கதையையும் சொன்னேன்.

"ஒவ்வொருக்காலும் கேப்பாங்களோ?"

"ஓம்."

"ரெடியில்லை எண்டால்?"

"நிப்பாங்கள்."

 கோப்பையைத் தானே கழுவி வைத்தார்.

ஏப்ரல் 20, உயிர்த்த ஞாயிறு

பூசையில் பின்வரிசை வாங்கிலிருந்து யாரோ என் பெயரைச் சொன்னார்கள். நான் திரும்பவில்லை! பிறகுதான் ஞாபகம் வந்தது, இங்கே திரும்பலாம். பாவம், கூப்பிட்டது சோபனா. கோபித்துக்கொண்டு போய்விட்டாள்.

மே 3, சனி

நாளைக்குப் போட்டி. வாருங்களேன் என்று வின்சென்றைக் கேட்டேன். புல் வெட்ட வேணுமாம்.

மே 4, ஞாயிறு

முடித்தேன்! எல்லாச் சுற்றும்! கடைசிக்கு முந்தின இடம். பத்மாவதி என்னைத் தூக்கப் பார்த்து இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

கடைசிச் சுற்றைப் பற்றி எழுத வேண்டும். சுவர் மறைப்பைத் தாண்டிக்கொண்டிருந்தபோது பின்னால் ஒரு குரல்: "விக்ரோறியா!" எங்கள் காதுக்கவசம் வெடியை மறிக்கும், குரலை விடும். எனக்கு நன்றாகத் தெரிந்த குரல். கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது. அந்தச் சேட்டும் வெளிச்சமும் கண்ணுக்குள் வந்தன. திரும்பவில்லை. துவக்கின் வாயை மண் அணையிலேயே வைத்துக்கொண்டு மிச்ச இரண்டு அட்டையையும் சுட்டேன். வெறுந்துவக்கு என்று கிரேமுக்குக் காட்டி, உறையில் போட்டு, "ரேன்ஜ் இஸ் க்ளியர்" என்று அவர் சொன்ன பிறகுதான் திரும்பினேன்.

கிளப்பின் பழைய காதுக்கவசம் தலையில் கோணலாக இருக்க வின்சென்ற் நின்றார். கையில் நான் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டுப் பெட்டி. நடுவில் கூப்பிட்டதற்காக கிரேம் அவரை நன்றாக முறைத்தார்.

"கூப்பிட்டனான். கேக்கேல்லையோ?"

"கேட்டது."

 அவருடைய கை தன்பாட்டில் சேட்டின் நடுவுக்குப் போனது. "நல்லது" என்றார்.

எல்லோரும் ஓட்டை ஒட்டப் போனார்கள். அவர் பெட்டியை என்னிடம் தந்துவிட்டு, பத்மாவதியிடம் ஒட்டுத்தாள் சுருளை வாங்கினார்.

"துவக்கைத் தொடமாட்டன். ஒட்டுறதெண்டால் நெடுகவும் வாறன்."

பழுப்பு அட்டைகளை ஒவ்வொன்றாக ஒட்டி, பெருவிரலால் அழுத்திவிட்டார். வெள்ளை அட்டைக்கு வந்ததும் என்னைப் பார்த்தார். "அது சுடக்கூடாத ஆள்" என்றேன். கிட்டப் போய், மேலும் கீழும் தேடினார். அதில் ஒட்ட ஒன்றும் இருக்கவில்லை.