கீழ்த்தட்டு எலிகளுக்குப் போட்ட கடலை

டாக்டரம்மாவுக்கு,

இந்தத் தாளுக்குப் பக்கத்தில் ஒரு பொட்டலம் வறுத்த கடலை இருக்கிறது. இன்னும் சூடு ஆறவில்லை. எனக்குக் கால் சதை கரைந்து வருகிறதாம். வைத்தியம் பார்க்கிற தம்பி, "தாத்தா, தெனம் ஒரு பிடி கடலை சாப்டுங்க, அர மணி நேரம் நடங்க. ரெண்டும் சேந்தாத்தான் சதை நிக்கும்" என்று சொன்னார். மருமகள் தினமும் வாங்கி வந்துவிடுகிறாள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எனக்கு உங்கள் எலி ரூம்தான் ஞாபகம் வந்தது.

மாணிக்கம் எழுதுகிறேன் அம்மா. சம்பள நாளில் மை டப்பாவைத் தேடுவேனே, அதே கைநாட்டு மாணிக்கம்தான். ஆறு மாதமாகச் சாயங்கால வகுப்புக்குப் போகிறேன். ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் டீ ஆறிப்போகிறது. இருந்தாலும் எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது தெரியுமா? பஸ் ஸ்டாண்டில் நின்று ஆம்பூர், குடியாத்தம், ராணிப்பேட்டை என்று ஒவ்வொரு போர்டாகச் சத்தம் போட்டுப் படித்தேன். "யோவ் பெருசு, கூவறது என் வேலைய்யா" என்று கண்டக்டர் திட்டினார். அந்தத் திட்டுகூட இனித்தது.

ஆனால் இந்தக் கடிதம் சந்தோஷத்தில் எழுதுவது இல்லை.

நான் ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பிலிருந்து உங்களிடம் வந்து சேர்ந்த வருடம் அது. மூன்று தட்டுகளில் எலிக் கூண்டுகளை அடுக்கினீர்கள். மேல்தட்டு எலிகளுக்கு முழுத் தீனி, சும்மா இருக்கலாம். நடுத்தட்டுக்கு முழுத் தீனி, ஓடுவதற்குச் சக்கரம். கீழ்த்தட்டுக்கும் சக்கரம் உண்டு, தீனி மட்டும் கம்மி. எனக்கும் புரியட்டும் என்று உட்காரவைத்துச் சொன்னீர்கள். "ஓடுனா மட்டும் சதை வெக்காது மாணிக்கம். சாப்பாடும் வேணும். சாப்பாடு இல்லாம ஓடுனா, ஒடம்பு தன் சதையத்தானே தின்னும். அதத்தான் நிரூபிக்கப் போறேன்."

நான் தலையாட்டினேன். ஆனால் எனக்கு அந்தக் கீழ்த்தட்டைப் பார்க்க முடியவில்லை அம்மா. தோல் ஷாப்பில் ஈரத் தோலைச் சுமக்கும்போது எனக்குக் காலையில் ஒரு டீதான். தண்ணீரில் ஊறின தோல் பிணம் மாதிரி கனக்கும். மத்தியானத்துக்குள் தொடை இரண்டும் நடுங்கும். கீழ்த்தட்டில் ஒரு எலி சக்கரத்தில் ஓடிவிட்டு, காலித் தட்டை முகர்ந்து பார்த்துவிட்டு, மறுபடியும் ஏறி ஓடியது. ஓடுகிறவனுக்குத்தானே ஜாஸ்தி சோறு போடவேண்டும், படித்தவர்களுக்கு இது தெரியாதா என்று நினைத்தேன்.

அன்றிலிருந்து சட்டைப் பையில் கடலை கொண்டுவந்தேன். கீழ்த்தட்டுக் கூண்டு கழுவும்போது ஆளுக்கு நாலைந்து பருப்பு போடுவேன். தொலியை வீட்டுக்கே எடுத்துப்போய்விடுவேன். நான் உங்களை ஏமாற்றுவதாக நினைக்கவில்லை. பசித்தவனுக்குப் போடுகிறேன் என்றுதான் நினைத்தேன்.

வாரம்தோறும் எலிகளை நிறுத்துப் பார்த்தீர்கள். இளைக்கவேண்டிய எலி இளைக்கவில்லை. தராசை மாற்றினீர்கள். தீனி மூட்டையை மாற்றினீர்கள். கடைசியில் எலிகளின் கால் சதையை எடுத்து நிறுத்தபோது, கீழ்த்தட்டும் நடுத்தட்டும் ஒரே எடை.

உங்களிடம் படித்துக்கொண்டிருந்த குடியாத்தத்துப் பெண், "வெளியாளுங்க யாராச்சும் எதனா போட்டிருப்பாங்களோ மேடம்?" என்று என்னைப் பார்த்துக்கொண்டே கேட்டது. நான் வாளியோடு நின்றிருந்தேன். நீங்கள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "மாணிக்கத்த சந்தேகப்பட்டா நான் என்னையே சந்தேகப்படற மாதிரி" என்றீர்கள். பிறகு, கேட்கவேண்டுமே என்பதற்காகக் கேட்டீர்கள்.

"இன்னா மாணிக்கம், யாராச்சும் ரூமுக்குள்ள வந்தாங்களா?"

"யாரும் வர்லம்மா."

அது உண்மைதான். யாரும் வரவில்லை. அந்த உண்மைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அன்றைக்கும் என் பையில் கடலை இருந்தது.

அந்த வேலையை மூட்டை கட்டினீர்கள். மீட்டிங்கில் பெரியவர் ஒருவர், "நிறுக்கத் தெரியாமல் ஆராய்ச்சி எதற்கு" என்று சொன்னது, டீ கொண்டுவந்த என் காதிலும் விழுந்தது. நீங்கள் ஒரு பலகையில் ஏதோ எழுதி, தராசுக்கு மேலே மாட்டினீர்கள். நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகும், வேலையை விட்டு நிற்கும்வரை, நான் அதைத் தினமும் ஈரத்துணியால் துடைத்திருக்கிறேன். தூசி படியவிட்டதே இல்லை. என்ன எழுதியிருக்கிறது என்று ஒருவரையும் கேட்டதும் இல்லை.

போன வாரம் கால் டாக்டரைப் பார்த்துவிட்டு, அப்படியே எலி ரூமுக்குப் போனேன். குடியாத்தத்துப் பெண்தான் இப்போது உங்கள் நாற்காலியில் இருக்கிறது. "எனக்குப் படிக்கத் தெரியும்மா இப்ப. எதையாவது குடு, படிக்கறேன்" என்று ஜம்பமாகச் சொன்னேன். அது சிரித்துவிட்டு, "தோ, அத படிங்கண்ணே" என்று பலகையைக் காட்டியது.

எழுத்து எழுத்தாகச் சேர்த்துப் படித்தேன். "தீனியை இரண்டு முறை நிறுக்கவும். ஒரு முறை நான் தவறினேன்."

அந்தப் பெண் கைதட்டியது. நான் செய்ததை நீங்கள் உங்கள் தவறென்று எழுதி மாட்டியிருக்கிறீர்கள்.

கடலை போட்டதை அங்கேயே சொல்லிவிட்டேன் அம்மா. அதன் முகத்தில் சிரிப்பு போய்விட்டது.

"எந்தத் தட்டுக்குண்ணே?"

"கீழ்த்தட்டுக்கு."

"தெனமுமா?"

"ஞாயித்துக்கெழமகூட விடல."

என்னைத் திட்டும் என்று காத்திருந்தேன். அது கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தது. "அப்ப அம்மா சொன்னது சரிதாண்ணே. கடல துன்னதாலதான் சதை நின்னுச்சு. அம்மா தப்பா நிறுக்கவே இல்ல. அத தெரிஞ்சுக்காமலே போய்ட்டாங்களே." கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, "நான் சொன்னா பத்தாது. நீங்களே எழுதிக் குடுங்க. அம்மா நோட்டுல வெக்கணும்" என்றது.

எழுதிக் கொடுத்துவிட்டேன். நாலே வரி, ஒரு மணி நேரம் ஆனது. பழக்கதோஷத்தில் அங்கே ஒருவர் மை டப்பாவை நீட்டினார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மாணிக்கம் என்று கையெழுத்துப் போட்டேன். நீங்கள் இருந்திருந்தால் அதைப் பார்த்து முதலில் சந்தோஷப்பட்டிருப்பீர்கள், அப்புறம்தான் படித்திருப்பீர்கள். அதை நினைத்தால்தான் பேஜாராக இருக்கிறது.

அந்தப் பலகையைக் கழற்றிவிடச் சொன்னேன். "அம்மா கையெழுத்துண்ணே, மனசு வர்ல" என்று அந்தப் பெண் மறுத்துவிட்டது. அது அங்கேயே இருக்கிறது. அதில் இருப்பது எனக்கு இப்போது பார்க்காமலே வருகிறது. கால் வலிக்கு நடக்கும்போது ஒவ்வொரு எட்டுக்கும் ஒரு சொல்லாக அதைத்தான் சொல்லிக்கொண்டு நடக்கிறேன். நீங்கள் எழுதி நான் படித்தது அது ஒன்றுதான். ஒரு முறை நான் தவறினேன். அது நான் எழுதியிருக்கவேண்டிய வரி அம்மா. எனக்கு அப்போது எழுதத் தெரியாது. ஆனால் வாய் இருந்தது.